தேர்தல் காலத்து வளாகமும் ஒரு தோட்டத்துப் பிள்ளையும்



நெடுநாளாக எழுத எண்ணி, எழுத மனமின்றித் தள்ளிப்போட்டு வந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். இஃது அரசியல் கட்டுரை அன்று. எந்தக் கட்சிக்கும் நான் இங்கே கொடி பிடிக்கப் போவதில்லை. அரசு ஊழியனான எனக்கு அதற்கு உரிமையும் இல்லை. தேர்தல் காலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகம் எப்படி மூச்சுவிடும் என்பதையும், அந்த மூச்சுக்காற்றில் ஒரு தோட்டத்துப் பிள்ளை எப்படித் தடுமாறினான் என்பதையும் மட்டுமே சொல்ல விழைகிறேன். அந்தப் பிள்ளை நான்தான்.

2022ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், சனிக்கிழமை. நாட்டின் 15ஆவது பொதுத்தேர்தல். ரந்தாவ் வட்டாரத்தில், நான் முன்பு பணியாற்றிய தோட்டத் தமிழ்ப்பள்ளியொன்றில் எனக்குத் தேர்தல் பணி கிடைத்திருந்தது. ஆசிரியர்களாகிய நமக்கு இப்பணி புதிதன்று. வாக்காளரின் அடையாள அட்டையை வாங்கி, பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்க வேண்டும். பின்னால் அமர்ந்திருக்கும் வேட்பாளர்களின் முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடிட்டுக்கொள்வார்கள். அடுத்த மேசையில் விரலில் மை, அதற்கடுத்து வாக்குச்சீட்டு. இவ்வளவுதான் வேலை.

வாக்களிக்கும் அறைகளை வயதின்படி பிரிப்பது வழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மூத்தோருக்கு முதல் அறை. இளையோருக்குக் கடைசி அறை. எனக்குக் கிடைத்தது கடைசி அறை. முன்பெல்லாம் கடைசி அறைக்கு வருவோர் இருபத்தொரு வயதைக் கடந்தவர்கள். இம்முறை பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் வந்தார்கள். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்தது. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பதிவும் தானாகவே நடந்துவிடுகிறது. அதனால்தான் 2018இல் ஒரு கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022இல் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது.

முற்பகல் பத்து மணியளவில் ஓர் அடையாள அட்டை என் முன் நீட்டப்பட்டது. பெயரைப் படிக்க வாயெடுத்தவன் ஒரு கணம் நின்றேன். ஐந்தாம் ஆண்டில் என்னிடம் பயின்ற மாணவி! இருபது வயதாகியிருந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கியிருக்கிறாள். கண்களில் தூக்கம் மிச்சமிருந்தது. "சார்..." என்று தொடங்கியவள், இடத்தை உணர்ந்து வாயை மூடிக்கொண்டாள். நானும் நலம் விசாரிக்கவில்லை. பெயரையும் எண்ணையும் மட்டும் படித்தேன். ஒரு காலத்தில் வருகைப் பதிவேட்டில் படித்த அதே பெயர்தான். அன்று அதற்கு "வந்தேன் ஐயா" என்று பதில் வரும். இன்று அவள் இடக்கைச் சுட்டுவிரலை மைக்கு நீட்டினாள்.

மறுநாள் மாலை அவள் தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தாள். தாயார் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். தேநீர் ஆறும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு தாயார்தான் தொடங்கினார்.

"சார், நீங்களே இவளுக்குப் புத்தி சொல்லுங்கள். படிக்கப் போன இடத்தில் தேர்தலாம். இவளுடைய அறைத்தோழி மாணவர் பேரவைக்கு நிற்கிறாளாம். அதற்கு இவள் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். நாளைக்குக் கல்விக் கடனை நிறுத்திவிட்டால் நான் எங்கே போவேன்? வேலைக்கு மனுச் செய்யும்போது இந்தக் கையெழுத்தைத் தோண்டி எடுத்தால்?"

மகள் தலைகுனிந்தபடியே, "அவளுக்கு வேறு யாரும் இல்லை, சார். கேட்டவர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள்" என்றாள்.

அந்தச் சொல் என்னை இருபத்து மூன்று ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துச் சென்றது.

1999. எனக்கு 22 வயது. தோட்டத்து லயத்திலிருந்து ஆறாம் படிவம் முடித்து, ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்குத் தேவையில்லை. என் அறைத்தோழன் கெடா மாநிலத்து பாலிங் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். அவன் தந்தையும் பால்மரம் வெட்டுபவர். என் தந்தையும் அவ்வாறே. விடுதிக்கு வந்த முதல் நாளே, "உங்கள் தோட்டத்தில் பிரட்டு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டோம். இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள் நண்பர்களாவதற்கு அதுவே போதுமாயிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1998 செப்டம்பரில், அன்வார் இப்ராஹிம் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டுக் கைதானார். அதன்பின் வளாகம் பழைய வளாகமாக இல்லை. வெளியே பார்த்தால் எல்லாம் அமைதி. விரிவுரை நடக்கும், நூலகம் நிரம்பும், உணவுக்கூடத்தில் கோழிக் குழம்பு தீர்ந்துபோகும். ஆனால் இணையத்தில் வந்த கட்டுரைகள் நகலெடுக்கப்பட்டுக் கைமாறும். ஹராக்கா இதழ் மெத்தைக்கு அடியில் இருக்கும். உணவுக்கூட மேசையில் 'மலேசிய நண்ப'னும் 'தமிழ் நேச'னும் விரிந்து கிடக்க, ஒருவர் படிப்பதுபோல் ஐவர் பேசிக்கொண்டிருப்போம். தெரியாத முகம் ஒன்று பக்கத்தில் அமர்ந்தால் பேச்சு உடனே பந்தாட்டத்துக்குத் தாவும்! அக்காலத்தில் நான் கற்ற கலைகளுள் அதுவும் ஒன்று.

இந்திய மாணவர்களாகிய நாங்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். வளாகத் தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் வாக்குகளுக்கு மதிப்பு வரும். இரு தரப்பினரும் விடுதி அறைக் கதவைத் தட்டுவார்கள். எங்களுக்குள்ளும் ஒரே கருத்து இருந்ததில்லை. அரசாங்கத்தோடு நின்றால்தான் தமிழ்ப்பள்ளிக்கும் கோவிலுக்கும் ஏதேனும் கிடைக்கும் என்பார் ஒருவர். இத்தனை காலம் நின்று, தோட்டத்தை விட்டு வெளியேறும்போது ஒரு வீடாவது கிடைத்ததா என்பார் இன்னொருவர். தோட்டப் பாட்டாளிகளுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த காலம் அது. எங்கள் தந்தையருக்கோ மழை பெய்தால் வேலை இல்லை; வேலை இல்லையேல் கூலி இல்லை. அதனால் எங்கள் வாதங்கள் நூல்களிலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வந்தன.

என் தோழனுக்கு இன்னொரு கதையும் தெரிந்திருந்தது. 1974ஆம் ஆண்டு ரப்பர் விலை வீழ்ந்தபோது பாலிங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்கள் வறுமையில் வாடி, பேரணியாகத் திரண்டார்கள். அவர்களுக்கு ஆதரவாக அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கைதாயினர். "நம் மரத்துப் பாலின் விலைக்காகப் படித்த பிள்ளைகள் லாக்கப்பில் கிடந்தார்கள்" என்று அவன் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். அதை அவன் தன் தந்தையிடம் கேட்டு அறிந்திருந்தான்.

இங்கே சட்டத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். 1969 பொதுத்தேர்தலின்போது மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் தனக்கெனக் கொள்கை அறிக்கை வெளியிட்டு, ஊர் ஊராகப் பொதுக்கூட்டம் நடத்தியது. இன்றைய மாணவர்களுக்கு இது கதைபோல் தோன்றலாம். 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. மலாய் எழுத்துகளின் சுருக்கமாக 'ஆக்கு' என்று நாம் அழைப்பது அதைத்தான். பாலிங் ஆர்ப்பாட்டத்துக்குப்பின் 1975இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதன் 15ஆம் பிரிவின்படி, எந்த அரசியல் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ கருதத்தக்க ஒரு சொல்லைக்கூட மாணவன் சொல்லலாகாது. 1999இல் நாங்கள் வாழ்ந்தது அந்தப் பிரிவின் நிழலில்.

1999 நவம்பர் 11ஆம் நாள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. தீபாவளி முடிந்து நான்கே நாள்கள். வீட்டிலிருந்து கொண்டு வந்த முறுக்கு டின் இன்னும் காலியாகவில்லை. 20ஆம் நாள் வேட்புமனு. 29ஆம் நாள் வாக்களிப்பு. ஒன்பதே நாள்களில் பரப்புரை.

நானும் தோழனும் அவ்வாண்டு நடுவில்தான் வாக்காளராகப் பதிந்திருந்தோம். ஆனால் எங்களுக்கு வாக்கு இல்லை. அவ்வாண்டு பதிந்துகொண்ட ஏறத்தாழ 680,000 பேரின் பெயர்கள் அடுத்த ஆண்டுதான் பட்டியலில் ஏறும் என்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் எங்களைப் போன்ற இளையோர். தேர்தல் வந்துவிட்டது, எங்கள் பெயர் வரவில்லை. அன்று விடுதி நடைபாதையில் எழுந்த சினத்தை என்னால் இன்றும் மறக்க இயலவில்லை. வாக்கும் இல்லை, வாயும் இல்லை என்றால் மாணவன் என்பவன் யார்?

பரப்புரையின் ஆறாம் நாள் இரவு, வளாகத்துக்கு வெளியே ஒரு சிற்றூரில் செராமா நடந்தது. நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் சென்றோம். பக்கத்துத் தோட்டத்து மக்கள் சிலர் வந்திருந்தனர். தமிழில் பேச அங்கு ஆள் இல்லை. "தம்பி, ஐந்து நிமிடம் பேசுகிறீர்களா?" என்று யாரோ கேட்டார்கள். நான் ஓரடி பின்னே நகர்ந்தேன். அவன் மேடையேறினான். கட்சி பெயர் எதையும் சொல்லவில்லை. தோட்டம் துண்டாடப்படும்போது லயத்து வீட்டிலிருந்து வெளியேறும் குடும்பம் எங்கே போகும் என்று மட்டும் கேட்டான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ படம் எடுத்தார்கள். அந்த வெளிச்சம் மட்டும் என் கண்ணில் இன்னும் இருக்கிறது.

தேர்தல் முடிந்தது. 193 இடங்களில் ஆளுங்கூட்டணி 148ஐ வென்றது. திரங்கானு மாநிலம் கைமாறியது. வளாகம் மீண்டும் பாடநூல்களுக்குத் திரும்பியது. இரண்டு வாரம் கழித்து அவன் பெயருக்குக் காரணம் கோரும் கடிதம் வந்தது.

விசாரணையில் அவனுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அவன் கட்சிக்காகப் பேசவில்லை, வீட்டைப் பற்றித்தான் பேசினான் என்று நேரில் கேட்ட ஒருவர் சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த, அங்கே இருந்த ஒரே மாணவன் நான். "வருகிறேன்" என்றேன். தயங்காமல்தான் சொன்னேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் மாலை, மூத்த மாணவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். நல்லெண்ணத்தோடுதான் பேசினார். "நீ அங்கு இருந்தாய் என்று நீயே ஒப்புக்கொள்ளப் போகிறாயா? கடன் நின்றால் என்ன செய்வாய்? ஆசிரியராக வேண்டும் என்கிறாய்; கோப்பில் ஒரு வரி விழுந்தால் போதும்" என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை. தோழன் உறங்கினான். நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் உறங்கினான்.

விடிவதற்கு முன் துணிப்பையை எடுத்துக்கொண்டு சிரம்பான் பேருந்தைப் பிடித்தேன். தந்தைக்கு உடல் நலமில்லை என்று ஒரு தாளில் எழுதி அவன் மேசையில் வைத்திருந்தேன். என் தந்தைக்கு ஒன்றுமே இல்லை.

நான் தோட்டத்தை அடைந்தபோது பிற்பகல். அப்பா வாசற்படியில் அமர்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்தில் பாதி நிலம் அப்போது செம்பனையாகிவிட்டிருந்தது. இன்னும் எத்தனை நாள் அந்தக் கத்திக்கு வேலை என்று அவருக்கே தெரியாது. நடந்ததை எல்லாம் சொன்னேன். "நான் எதிலும் மாட்டவில்லை அப்பா, நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று முடித்தேன். அவர் நிம்மதியடைவார் என்று எதிர்பார்த்தேன்.

கத்தி கல்லில் உரசும் ஓசை நின்றது.

"அந்தப் பிள்ளையோடு யார் போயிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. சற்று நேரம் கழித்துக் கத்தி மீண்டும் கல்லில் உரசத் தொடங்கியது.

தோழனுக்கு அபராதமும் ஒரு பருவ இடைநீக்கமும் கிடைத்தன. ஒரு பருவம்தானே என்று எண்ணலாம். வீட்டுக்குச் சென்றவன் குடும்பச் செலவுக்காகச் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை வேலைக்குப் போனான். பிறகு அவன் திரும்பி வரவேயில்லை. அறையில் அவன் கட்டில் காலியாகவே கிடந்தது. நான் பட்டம் பெற்றேன், ஆசிரியப் பயிற்சி முடித்தேன், தமிழ்ப்பள்ளிக்கு வந்தேன். வகுப்பில் 'உடுக்கை இழந்தவன் கை' குறளை நடத்தும்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதன்பின் காலம் பல மாற்றங்களைக் கண்டது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் பிடிபட்டனர். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 அக்டோபர் 31ஆம் நாள், அந்த 15ஆம் பிரிவின் ஒரு பகுதி அரசமைப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர்கள் கட்சியில் சேர வழி திறந்தது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள்ளும் அரசியல் பேசலாம் என்ற திருத்தத்தை மக்களவை ஏற்றது. தோழனை வெளியே தள்ளிய கதவு மெல்ல மெல்லத் திறந்தது. அவனுக்கு மட்டும் அது காலங்கடந்து போயிற்று.

எங்கள் ரந்தாவும் ஒரு பாடம் புகட்டியது. 2018இல் வேட்புமனு நாளன்று, நுழைவு அட்டை இல்லையென்று ஒரு வேட்பாளர் தடுக்கப்பட்டார். சட்டமன்றத் தொகுதி போட்டியின்றி முடிந்தது. மே 9ஆம் நாள் எங்களுக்கு நாடாளுமன்றத்துக்குரிய ஒரே வாக்குச்சீட்டுதான். வழக்கு நடந்து, அந்த முடிவு செல்லாதென்று தீர்ப்பாகி, 2019 ஏப்ரல் 13ஆம் நாள் மறுபடி தேர்தல் வைத்தார்கள். முன்பு வென்றவரே மீண்டும் வென்றார். அப்படியானால் இத்தனை பாடு எதற்கு என்று தேநீர்க் கடையில் சிலர் கேட்டனர். யார் வென்றார் என்பது ஒரு கேள்வி. மக்களைக் கேட்டார்களா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்காகத்தான் அத்தனை பாடும்.

அந்த 2018 மே 9ஆம் நாள் இரவு, என் கைப்பேசியில் புலனம் வழியே தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. மை தடவிய ஒரு சுட்டுவிரல். வேறு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த விரலின் ஓரத்துத் தழும்பு எனக்குத் தெரியும். சிறுவயதில் தந்தைக்கு உதவப்போய்ப் பால்வெட்டுக் கத்தியால் கிழித்துக்கொண்டது என்று அவன் காட்டியிருக்கிறான். நானும் என் விரலைப் படமெடுத்து அனுப்பினேன். அதன்பின் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்துப் பரிமாறிக்கொள்கிறோம். அந்த விசாரணை நாளைப் பற்றி அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இதையெல்லாம்தான் அன்று மாலை அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சொன்னேன். என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. தாயார் தேநீரைத் தொடவேயில்லை.

"பயம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அம்மா. அன்று எனக்கிருந்த பயம் பொய்யில்லை. ஆனால் இன்று சட்டம் வேறு. உங்கள் மகள் எதில் கையெழுத்திடுகிறாள் என்பதைப் பல்கலைக்கழக விதிகளோடு ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். படித்த பிறகும் அந்தத் தோழி நல்லவள் என்று தோன்றினால், அவளைத் தனியாக விட வேண்டாம். கடனைக் கட்டி முடித்துவிடலாம். நான் கட்டி முடித்துவிட்டேன். இன்னொன்றுதான் இன்னும் கட்டி முடியவில்லை" என்றேன்.

எந்தக் கட்சி, எந்த அணி என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வெளியே இருட்டியிருந்தது. வாசல்வரை வந்த தாயார், "அந்தத் தம்பி இப்போது நன்றாக இருக்கிறாரா, சார்?" என்று மட்டும் கேட்டார். "நன்றாக இருக்கிறான்" என்றேன்.

சில வாரங்கள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. "கையெழுத்துப் போட்டேன் சார். அவள் தோற்றுவிட்டாள். ஆனால் முடிவைப் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். அம்மா உங்களுக்கு முறுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார்."

அச்செய்தியைப் படித்த அன்றிரவு, நான் என் தோழனுக்குத் தொலைபேசி அழைப்பு விடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை எடுத்தான். என்ன பேசினோம் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் உரியது, பொறுத்தருள்க. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின், என் அப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதைக் கேட்க அப்பா இல்லை.

பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளைகளைப் பெற்றோரே, உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. உங்கள் பிள்ளை தேர்தல் காலத்தில் தொலைபேசியில் அழைத்து வளாகத்துச் சேதி சொன்னால், 'உனக்கு எதற்கு வம்பு?' என்று கேட்பதற்கு முன், 'உன்னோடு யார் இருக்கிறார்கள்?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.